அரசும் வீட்டுக்காரராக வேண்டும்: வாடகைக் குடியிருப்பும் தமிழ்நாட்டின் வீட்டு வசதிக் கொள்கையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் வீட்டு வசதி என்று பேச்செடுத்தால் அது சொந்த வீட்டைப் பற்றிய பேச்சாகவே முடிகிறது. அரசு பட்டா தருகிறது. வீடு கட்ட மானியம் தருகிறது. வாரியத்தின் மூலம் தவணை முறையில் அடுக்குமாடி வீடு ஒதுக்குகிறது. வீட்டுக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இவை யாவும் வேண்டியவையே. ஆனால் எல்லாத் திட்டங்களும் ஒரே முடிவை நோக்கித்தான் ஓடுகின்றன: குடும்பத்தின் கையில் ஒரு வீட்டுப் பத்திரம். அந்தப் பத்திரம் வரும்வரை, அல்லது கடைசிவரை வராமலே போனால், அந்தக் குடும்பம் எங்கே, என்ன வாடகையில், யாருடைய தயவில் குடியிருக்கும் என்ற கேள்விக்கு நம் கொள்கையில் விடை மிகக் குறைவு. இன்றைய உரையில் நான் நிறுவ விரும்புவது ஒன்றே. நகரத்து எளியோருக்காக அரசு கட்டும் வீடுகளில் கணிசமான பகுதியை யாருக்கும் விற்காமல், எழுதிக் கொடுக்காமல், அரசே வைத்துக்கொண்டு வாடகைக்கு விட வேண்டும். கட்டியதையெல்லாம் கொடுத்துவிடுவது என்ற ஒரே வழியை நாம் பிடித்துக்கொண்டோம். ஏழைக் குடும்பத்துக்கு வீடு கிடைக்கும்போதெல்லாம் அதன் பிழைப்பிடம் கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடுவதற்கு அதுவே முதற்காரணம் என்பதும் என் வாதத்தின் பகுதி.

வாடகைக்கு இருப்போர் யார்?

1961இல் இந்திய நகர்ப்புறங்களில் பாதிக்கு மேற்பட்டோர், ஏறத்தாழ 54 விழுக்காட்டினர், வாடகை வீட்டில் இருந்தனர். 2011 கணக்கெடுப்பில் அது 27.5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. இந்தச் சரிவை வளர்ச்சியின் அடையாளமாகக் காட்டுவோர் உண்டு. அரை நூற்றாண்டில் சொந்த வீடு கட்டிய நடுத்தர வகுப்பு பெருகியது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் பட்டா இல்லாத புறம்போக்கிலும் ஆற்றங்கரையிலும் குடிசை போட்ட குடும்பங்களும் கணக்கெடுப்பில் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்களாகவே பதிவாகின என்பதை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டின் நிலை சற்று வேறு. மக்கள்தொகையில் 48 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் நகர்ப்புறத்தில் வாழும் மாநிலம் இது. நகரங்களில் வாடகைக் குடும்பங்களின் பங்கும் அகில இந்தியச் சராசரியைவிட இங்கே கூடுதல். திருப்பூரின் பனியன் தொழிலும், ஓசூரின் இயந்திரத் தொழிலும், திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதியின் கார், கைபேசி ஆலைகளும் வெளியூர் உழைப்பாளிகளை நம்பியே ஓடுகின்றன. ஊர்விட்டு ஊர் வந்து வேலை பார்ப்பவர் முதல் நாளே வீடு வாங்க முடியாது. பலருக்கு அங்கே வீடு வாங்கும் எண்ணமும் இருப்பதில்லை.

இவர்களுக்கு வீடு கொடுத்து வந்தது அரசல்ல, தனியார். சென்னையின் ஒண்டுக்குடித்தனங்களும், வரிசையாக அறைகள் அடுக்கிய ஸ்டோர் வீடுகளும், கொங்கு நாட்டின் லைன் வீடுகளும் இல்லையென்றால் நம் தொழில் நகரங்கள் நின்றிருக்கவே மாட்டா. அந்த வகையில் சிறு வீட்டுக்காரர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தச் சந்தையின் விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான்கைந்து குடும்பத்துக்கு ஒரு குளியலறை, நேரம் வைத்து விடும் தண்ணீர், மின்வாரியக் கட்டணத்துக்கு மேல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைக்கும் கணக்கு, எழுத்தில் இல்லாத ஒப்பந்தம், பதினொரு மாதம் முடிந்ததும் ஏறும் வாடகை என்று அதற்குப் பல முகங்கள். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். மாதம் 6,000 ரூபாய் வாடகை கொடுக்கக்கூடிய குடும்பம், 60,000 ரூபாயை ஒரே தவணையில் புரட்ட முடியாமல் வட்டிக்கு வாங்குகிறது. வாடகைக்கு மேல் வட்டி என்ற இந்தச் சுமை எந்த வாடகைப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

பற்றாக்குறை எங்கே இருக்கிறது என்பதையும் தெளிவாகப் பார்க்க வேண்டும். 2012இல் ஒன்றிய அரசின் வல்லுநர் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1 கோடியே 88 லட்சம் என்று மதிப்பிட்டது. அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் பொருளாதாரத்தில் நலிந்தோர், குறைந்த வருவாய்ப் பிரிவினர் ஆகியோருடையது. அந்தப் பற்றாக்குறையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, கூரையே இல்லாதவர்களுடையதன்று; மணமான மகனும் பெற்றோரும் ஒரே அறையில் முடங்கிக் கிடக்கும் நெருக்கடி. அதற்கு ஓராண்டு முன்னர் எடுத்த 2011 கணக்கெடுப்பில், இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் மட்டும் 1 கோடியே 10 லட்சம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளங்குவது இது: ஏதோ ஓரிடத்தில் வீடுகளின் எண்ணிக்கை கூடினால் தீரும் சிக்கல் அல்ல இது. ஏற்கெனவே பிழைப்பு நடக்கும் இடத்துக்கு அருகில், கையிலிருக்கும் வருமானத்துக்கு எட்டும் வாடகையில் இன்னொரு அறை வேண்டும். அதைத்தான் நம் திட்டங்கள் கட்டவில்லை.

கொடுத்துவிடும் வீடு ஏன் தொலைவில் போகிறது?

1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டு குடிசைப் பகுதி மேம்பாட்டுக்கும் அகற்றலுக்குமான சட்டம் வந்தது. இந்தியாவிலேயே இத்துறையில் முன்னோடியான முயற்சி அது. தொடக்க ஆண்டுகளில் வாரியம் கட்டிய மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகளை இன்றும் சென்னையின் நடுப்பகுதிகளில் காணலாம். நொச்சிக்குப்பத்து மீனவர் கடலோரத்திலேயே வீடு பெற்றனர். வீடு சிறிது, தரம் குறைவு என்று குறை சொல்லலாம். ஆனால் குடியிருந்தவர்களின் தொழில், பள்ளி, மருத்துவமனை எதுவும் இடம் மாறவில்லை. 1977இல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தபோது சிந்தனை மாறியது. அரசு கட்டிக் கொடுப்பது செலவு மிகுந்தது. மனையும் அடிப்படை வசதியும் தந்தால் மக்களே கட்டிக்கொள்வார்கள் என்றார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மனைத் திட்டங்கள் அப்படிப் பிறந்தவை. அவை தோல்வி என்று அன்று எழுதியவர்களும் உண்டு. இன்று அவை பல வருவாய்ப் பிரிவினரும் கலந்து வாழும் நகர்ப் பகுதிகளாக வளர்ந்திருக்கின்றன; பலர் மேலே ஒரு தளம் எழுப்பி வாடகைக்கும் விட்டிருக்கிறார்கள். அந்த வெற்றியை மறுப்பதற்கில்லை. அதற்கு முதற்காரணம், அந்த மனைகள் அன்றைய நகரத்தின் விளிம்பிலேயே, நகரம் கைநீட்டித் தொடும் தொலைவில் இருந்ததுதான்.

மூன்றாவது கட்டம் 2000க்குப் பிறகு. ஆற்றங்கரை, கால்வாய்க்கரைக் குடும்பங்களை ஒட்டுமொத்தமாகப் பெயர்த்துக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தினோம். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எட்டு மாடிக் கட்டடங்களில் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே அனுப்பப்பட்டன. வெள்ளம் புகும் கரையில் மக்கள் வாழக் கூடாது என்பது நியாயமே. ஆனால் மயிலாப்பூரிலோ எழும்பூரிலோ காலை இரண்டு வீடு, மாலை இரண்டு வீடு என வேலை செய்த பெண், பெரும்பாக்கத்திலிருந்து அதே வேலைக்கு வர இயலாது. பேருந்து நேரமும் கட்டணமும் சேர்ந்து அந்த வேலையையே தின்றுவிடுகின்றன. பிள்ளைகளின் பள்ளி நடுக்கல்வியாண்டில் மாறுகிறது. இவற்றைக் கள ஆய்வுகளும் ஊடகங்களும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன.

ஏன் இவ்வளவு தொலைவு என்று கேட்டால், நகருக்குள் நிலமில்லை என்பதே வழக்கமான பதில். இது பாதி உண்மை. வீட்டு வசதி வாரியத்தின் பழைய குடியிருப்புகள், குடிசை மாற்று வாரியத்தின் ஐம்பது ஆண்டுப் பழைய திட்டப் பகுதிகள், பேருந்துப் பணிமனைகள், மெட்ரோ நிலையங்களை ஒட்டிய மனைகள் என்று அரசுக்கு நகருக்குள் நிலம் இருக்கிறது. ஆனால் அது விலை உயர்ந்த நிலம். அந்த நிலத்தில் கட்டிய வீட்டை ஒரு குடும்பத்துக்குப் பத்திரம் போட்டுக் கொடுத்தால், பல லட்ச ரூபாய்ப் பொதுச் சொத்து ஒரே கையெழுத்தில் கைமாறிவிடும். எந்த நிதித்துறைச் செயலாளரும் அதற்கு எளிதில் ஒப்ப மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே கொடுத்துவிடப் போகும் வீட்டுக்கு மலிவான நிலம் தேடப்படுகிறது. மலிவான நிலம் சதுப்பு நிலத்தை ஒட்டி, நகருக்கு வெளியே கிடைக்கிறது. வாடகை வீட்டுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. நிலமும் கட்டடமும் அரசின் ஏட்டிலேயே இருக்கின்றன. நிலத்தின் மதிப்பு ஏறினால் ஏறியது பொதுச் சொத்து. ஆகவே விலை உயர்ந்த இடத்தில் ஏழைகள் குடியிருக்கும் வீட்டைக் கட்ட அரசுக்குத் துணிவு தருவது வாடகை முறை ஒன்றுதான். என் வாதத்தின் அச்சாணி இதுவே.

சட்டத்தைத் திருத்தினால் போதாதா?

வாடகைச் சட்டங்கள்தான் வாடகை வீடுகளைக் கொன்றன, அவற்றை நீக்கினால் சந்தையே வீடு கட்டும் என்ற கருத்து பொருளியலாளரிடையே வலுவானது. அதில் உண்மை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு ஆணையாக வந்தது. பிறகு சட்டமாகி, 1960ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைத்தது. பம்பாயில் 1940இன் வாடகையிலேயே வீடுகளை உறையவைத்தது போல இங்கே நடக்கவில்லை. 1973 திருத்தத்தின்படி குடியிருப்புக் கட்டடத்தின் மொத்த மதிப்பில் 9 விழுக்காடு நியாய வாடகையாகக் கணக்கிடப்பட்டது. அது கட்டுப்படியாகாத அளவன்று. வீட்டுக்காரர்கள் அஞ்சியது வாடகை அளவைவிட, குடியிருப்பவரைக் காலி செய்ய வைக்க ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்ததை. அந்த அச்சத்தைப் போக்கவே 2017ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்போது வாடகை என்பது இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தொகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். வழக்குகளுக்குத் தனி வாடகை நீதிமன்றமும் தீர்ப்பாயமும் உண்டு. ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரிக் குத்தகைச் சட்டமும் இதே பாதையில் செல்வதுதான்.

இந்தச் சட்டம் தெளிவைக் கொண்டுவந்தது, வீட்டைக் கொண்டுவரவில்லை. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லும் பிரிவே, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் தவிர என்ற விலக்கையும் வைத்திருக்கிறது. வீடு தேடி அலைபவர் எழுதச் சொன்னதை எழுதுவார். ஆகவே பத்து மாத அட்வான்ஸ் அப்படியே தொடர்கிறது. அதைவிட அடிப்படையான தடை கணக்கில் இருக்கிறது. நிலத்தோடு சேர்த்து 15 லட்ச ரூபாய் அடங்கும் சிறிய வீடு ஒன்றை ஒருவர் வாடகைக்கென்றே கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணத்துக்கு 8 விழுக்காடு எதிர்பார்த்தாலும் வாடகை மாதம் 10,000 ரூபாய். ஒன்றிய அரசின் வீட்டுத் திட்ட வரையறைப்படி நலிந்த பிரிவின் உச்ச வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம், அதாவது மாதம் 25,000. அந்த வரம்பின் உச்சியில் நிற்கும் குடும்பத்துக்கே வருமானத்தில் 40 விழுக்காடு வாடகையாகப் போய்விடும். கீழே உள்ளவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நம் பெருநகரங்களில் வீட்டு மதிப்பில் 2 முதல் 3 விழுக்காடே வாடகையாக வருகிறது. அதற்கு ஒப்பி வீட்டை வைத்திருப்பவர் நில விலை ஏற்றத்தை நம்பி இருக்கிறார். அவருக்குக் குடியிருப்பவர் அவசியமில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு விளக்கம் சட்டத்தில் பாதி, இந்தக் கணக்கில் பாதி.

சரி, வாடகை மானியச் சீட்டு கொடுத்து ஏழைகளைச் சந்தைக்கே அனுப்பலாமே என்பார்கள். வீடு தட்டுப்பாடாக உள்ள இடத்தில் மானியம் வாடகையாக உருமாறி வீட்டுக்காரரிடம் போய்ச் சேரும். இன்னொன்றும் உண்டு. சந்தை பணத்தை மட்டும் பார்த்து வீடு கொடுப்பதில்லை. சைவம் மட்டும், குடும்பத்தினர் மட்டும் என்ற அறிவிப்புகளின் பின்னே சாதியும் மதமும் நிற்பதை நாம் அறிவோம். தில்லித் தலைநகர் வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு, தலித்துகளும் முஸ்லிம்களும் ஒரே தகுதியோடு வீடு கேட்டபோது கூடுதலாக மறுக்கப்பட்டதை அளந்து காட்டியது. தமிழ்நாட்டின் தெருக்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. யாருக்கு வீடு என்பதை விதிப்படி தீர்மானித்து, மறுத்தால் காரணம் சொல்லக் கடமைப்பட்ட ஒரு வீட்டுக்காரர் வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்காரர் அரசு மட்டுமே.

படுக்கை வேறு, குடியிருப்பு வேறு

கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச்சில், புலம்பெயர் தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று ஒன்றிய உள்துறை ஆணையிட்டது. ஆணை இருந்தும் மக்கள் நெடுஞ்சாலையில் நடந்தார்கள். அந்த அதிர்ச்சியின் விளைவாக 2020 ஜூலையில் கட்டுப்படியாகும் வாடகைக் குடியிருப்புத் திட்டம் வந்தது. முந்தைய திட்டங்களில் கட்டிக் காலியாகக் கிடந்த ஏறத்தாழ 83,000 அரசு வீடுகளை வாடகைக்கு மாற்றுவது அதன் முதல் வழி. நிலம் வைத்திருக்கும் நிறுவனங்களே கட்டி வாடகைக்கு விடுவது இரண்டாவது வழி. முதல் வழியில் மாறிய வீடுகள் சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. காரணம் எளிது: வேலைக்கும் பேருந்துக்கும் எட்டாத இடத்தில் கட்டியதால் காலியாகக் கிடந்த வீடு, சொந்த வீடு என்ற பலகையைக் கழற்றி வாடகை வீடு என்று மாட்டியதால் நிரம்பிவிடாது. 2024இல் தொடங்கிய பிரதமர் வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வாடகை வீடு ஒரு தனிப் பிரிவாக இடம்பெற்றிருப்பது நல்ல திருப்பம். இடத் தேர்வில் பழைய பிழையைச் செய்தால் அதுவும் அப்படியே முடியும்.

தமிழ்நாட்டில் இரண்டாவது வழி வேகமாக நடக்கிறது. 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் பகுதியில் தனியார் விடுதியில் தங்கியிருந்த கைபேசி ஆலைப் பெண் தொழிலாளர்கள் உணவு நஞ்சானதால் பாதிக்கப்பட்டு நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். விடுதி வாழ்க்கையின் நிலை அப்போதுதான் பொதுவெளிக்கு வந்தது. அதன் பிறகு அதே பகுதியின் வல்லம் வடகாலில் அரசின் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைக் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. பணிபுரியும் மகளிருக்கான தோழி விடுதிகளும் பல நகரங்களில் வந்துள்ளன. அரசு நினைத்தால் வாடகைக்கென்று கட்ட முடியும், நடத்த முடியும் என்பதற்கு இவையே சான்று. ஆனால் இவை தருவது படுக்கை. திருமணமானதும் அந்தப் பெண் எங்கே போவார்? ஆலை மாறினால் அறை அவருடையதாக இருக்குமா? வேலையோடு கட்டிய வீடு வேலை போனால் போய்விடும் என்பதைத் தேயிலைத் தோட்ட லயங்கள் நமக்கு நன்றாகக் கற்பித்திருக்கின்றன. 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன மாஞ்சோலையில், குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே, தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் விட்டு இறங்கும் நிலை 2024இல் வந்தது. தொழிலாளிக்கு வேண்டியது முதலாளியின் கூரையல்ல. எந்த முதலாளியிடம் வேலை பார்த்தாலும் நிலைக்கும் வாடகை உரிமை.

வியன்னாவும் இங்கிலாந்தும்

இப்படி நடத்திக் காட்டிய நகரம் உண்டா என்றால், உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் திவாலான நிலையில் இருந்த வியன்னா, 1923இல் வீடுகளின் மேல் ஏறுவரிசை வரி ஒன்றை விதித்தது. பெரிய மாளிகைக்குப் பெரிய வரி, தொழிலாளி வீட்டுக்குச் சிறு வரி. அந்தப் பணத்தில் 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளை நகராட்சி கட்டியது. நூறு ஆண்டு கழித்தும் அந்த நகராட்சி ஏறத்தாழ 2,20,000 வீடுகளுக்குச் சொந்தக்காரராக இருக்கிறது. இலாப வரம்புள்ள சங்கங்களின் வீடுகளையும் சேர்த்தால் நகரத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் இத்தகைய வீடுகளில் வாழ்கிறார்கள். எழுத்தரும் ஆசிரியரும் துப்புரவுப் பணியாளரும் ஒரே வளாகத்தில் இருப்பதால் அந்த வளாகங்களுக்கு ஏழைச் சேரி என்ற பெயர் ஒட்டவில்லை. இங்கிலாந்து வேறு பாதையில் போனது. 1919 முதல் நகராட்சிகள் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளை, 1980ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருந்தவர்களுக்கே தள்ளுபடி விலையில் விற்க வழிசெய்தது. ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் விற்பனையாயின. விற்ற பணத்தில் புது வீடு கட்ட நகராட்சிகளுக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. வாங்கிய முதல் தலைமுறைக்கு அது பெருவாய்ப்பு. அடுத்த தலைமுறைக்கு வரிசை நீண்டது. லண்டனில் அப்படி விற்ற வீடுகளில் பெரும் பகுதி இன்று தனியார் வாடகைக்கு, பழைய வாடகையைப் போலப் பலமடங்கு விலையில் போகிறது. ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் அந்த விற்பனையை நிறுத்திவிட்டன. வியன்னாவின் வருமானமும் வரி அமைப்பும் நமக்கு இல்லை. அதை அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை. கட்டியதைக் கையில் வைத்திருந்த நகரம் நூறாண்டு பயன் கண்டது, விற்ற நாடு ஒரு தலைமுறைக்குள் பயனைத் தீர்த்துவிட்டது என்ற அளவில் இந்த ஒப்பீடு போதும்.

மறுப்புகள்

முதல் மறுப்பு: மக்கள் கேட்பது சொந்த வீட்டை, வாடகை வீட்டை அல்ல. இந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். பல தலைமுறையாக ஓரிடத்தில் வாழ்பவருக்கு அந்த இடத்திலேயே பட்டா தர வேண்டும். வாடகை வீட்டைக் காட்டி அந்த உரிமையை மறுக்கவோ, அவரைப் பெயர்க்கவோ கூடாது. வாடகைத் திட்டம் பட்டாவுக்கு மாற்றல்ல. ஆனால் புதிதாக நகருக்கு வருபவருக்கும், தனிக்குடித்தனம் போகும் இளம் இணையருக்கும், கணவரை இழந்த பெண்ணுக்கும் இருபது ஆண்டுத் தவணை விடையாகாது. சொந்த வீட்டுக்குச் சேமிக்கும் காலத்தில் அநியாய வாடகை இல்லாமல் இருப்பதே சொந்த வீட்டை நோக்கிய முதல் படி.

இரண்டாவது: வாடகை வசூலாகாது, தேர்தல் வந்தால் தள்ளுபடி அறிவிப்பார்கள். வாரியத்தின் தவணை நிலுவை வரலாறு இந்த ஐயத்துக்கு இடம் தருகிறது. ஆனால் அதே மக்கள் தனியார் வீட்டில் இருக்கும்போது வாடகையை மாதம் தவறாமல் கொடுக்கிறார்கள். வாரியக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் பழுதாகி வாரக்கணக்கில் கிடந்தபோது கட்டிய பணம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டாமலிருந்தாலும் ஒன்றும் மாறவில்லை. பணத்துக்கும் பணிக்கும் உறவு அறுந்த இடத்தில் பணம் வராது. வளாகத்துக்கு வளாகம் தனிக் கணக்கு வைத்து, வாடகையில் இவ்வளவு பராமரிப்புக்கு என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால் நிலைமை மாறும். அரசு ஊழியர்களுக்கான வாடகைக் குடியிருப்புகளை வீட்டு வசதி வாரியம் பல பத்தாண்டுகளாக நடத்தி வருகிறது. தன் ஊழியருக்கு வீட்டுக்காரராக இருக்கத் தெரிந்த அரசுக்கு, தன் குடிமக்களுக்கு அப்படி இருக்கத் தெரியாது என்பது ஏற்கும்படியாக இல்லை.

மூன்றாவது: அரசு கட்டடத்தின் தரத்தைத்தான் பார்த்தோமே. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் கை பட்டாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததும், அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட பழைய அடுக்குமாடி இடிந்து விழுந்ததும், குடியிருந்தவர்கள் முன்பே வெளியேறியதால் மட்டும் உயிர் பிழைத்ததும் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் இவை எதற்குச் சான்று? கட்டுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணும் அமைப்புக்குச் சான்று. ஒதுக்கிய பின் வாரியம் அதைத் தன் வீடாகக் கருதவில்லை; பத்திரம் கைக்கு வராததால் குடியிருப்பவரும் தன் வீடாகக் கருத முடியவில்லை. குடியிருப்போர் சங்கங்களைப் பங்காளியாக்கும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் இந்த இடைவெளியை அடைக்க முயல்கிறது. எனினும் தூண், கூரை, லிப்ட், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்க ஒரு நிரந்தர உரிமையாளர் வேண்டும். முப்பது ஆண்டு வாடகை வாங்கப் போகிற கட்டடத்தில் மட்டமான கலவையைப் பூச ஒப்பந்தக்காரரை அனுமதித்தால் இழப்பு அரசுக்கே என்ற நிலை வந்தால், மேற்பார்வையும் கூர்மையாகும்.

நான்காவது: பணம். நிலம் அரசுடையது, கட்டுமானச் செலவு வீட்டுக்கு 10 லட்சம், அதில் பாதி ஒன்றிய, மாநில மானியம் என்று கொண்டால், மீதி 5 லட்சத்தை 8 விழுக்காடு வட்டியில் முப்பதாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 3,700 ரூபாய் ஆகும். பராமரிப்புக்கு 1,000 சேர்த்தாலும் 4,700. மாதம் 25,000 வருமானமுள்ள குடும்பத்துக்கு இது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 15,000 மட்டுமே வரும் குடும்பத்துக்கு 3,000 வாடகை வைத்தால் விழும் பள்ளத்தை, பெரிய கட்டடங்களிடம் அரசு வசூலிக்கும் உறைவிட நிதிக் கட்டணமும், அதே வளாகத்தில் சற்றுக் கூடுதல் வருமானமுள்ளோர் தரும் வாடகையும் நிரப்பலாம். கொடுத்துவிடும் வீட்டுக்குப் போடும் மானியம் ஒரு குடும்பத்தோடு முடிகிறது. வாடகை வீட்டுக்குப் போட்ட மானியம் கட்டடம் நிற்கும் காலமெல்லாம் குடும்பம் குடும்பமாகப் பயன் தருகிறது.

செய்ய வேண்டியவை

என் பரிந்துரைகள் சுருக்கமானவை. நகர எல்லைக்குள் அரசு நிலத்தில் எழும் ஒவ்வொரு வீட்டுத் திட்டத்திலும், பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது கூடுதலாகக் கிடைக்கும் வீடுகள் உட்பட, குறிப்பிட்ட பங்கை விற்க முடியாத வாடகை வீடுகளாகச் சட்டத்தால் ஒதுக்க வேண்டும். ஆணையாக இருந்தால் அடுத்த ஆணை அதை நீக்கிவிடும். தொடர்வண்டி, மெட்ரோ, முதன்மைப் பேருந்துத் தடம் ஆகியவற்றுக்கு நடந்து போகும் தொலைவில் இல்லாத இடத்தில் வாடகை வீடு கட்டக் கூடாது. வாடகை வருமானத்தைப் பொறுத்ததாகவும், ஓர் ஊரில் வேலை போய் இன்னோர் ஊருக்குப் போகிறவர் தன் வாடகை உரிமையை அங்கே மாற்றிக்கொள்ளக் கூடியதாகவும் இருக்க வேண்டும். தொழிற்பேட்டைக் குடியிருப்புகளில் ஒரு பகுதி, எந்த நிறுவனத்துக்கும் மொத்தமாகக் குத்தகைக்குப் போகாமல், குடும்பங்களுக்கு நேரடியாகக் கிடைக்க வேண்டும். தனியார் சந்தையைப் பொறுத்தவரை, முன்பண வரம்பிலிருந்து தப்பும் விலக்கை நீக்கினாலே பல்லாயிரம் குடும்பங்கள் கந்துவட்டியிலிருந்து தப்பும். அதற்கு அரசுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. இவற்றுள் எதுவும் உடனே இலட்சக்கணக்கில் வீடு தராது. ஆண்டுக்குச் சில ஆயிரம் வீடுகள் என்று தொடங்கினாலும், விற்காமல் வைத்திருந்தால் இருபது ஆண்டில் அது ஒரு நகரத்தின் வாடகையையே தீர்மானிக்கும் அளவுக்கு வளரும். அதுவரை பொறுக்கும் மனம் ஆட்சியாளர்களுக்கு வேண்டும்; திறப்பு விழாவில் சாவி கொடுக்கும் படத்தைவிட, மாதந்தோறும் ஒழுங்காக நடக்கும் வாடகைக் கணக்கை மதிக்கும் மனம் வாக்காளர்களாகிய நமக்கு வேண்டும்.

இந்த மன்றத்தில் நகரமைப்பும் பொருளியலும் சட்டமும் பயிலும் மாணவர்கள் இருக்கிறீர்கள். நாளை வாரியங்களிலும் வங்கிகளிலும் வாடகை நீதிமன்றங்களிலும் உட்காரப் போவது நீங்கள்தான். அரசு எத்தனை வீடு கட்டியது என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கட்டியதில் எத்தனை இன்னும் அரசின் கையில் இருக்கிறது, எங்கே இருக்கிறது, அதில் யார் என்ன வாடகைக்கு இருக்கிறார் என்றும் கேளுங்கள். அந்த மூன்று கேள்விக்கும் ஆண்டுதோறும் விடை வெளியிடும் அரசே நகரத்து ஏழைகளுக்கு வீட்டு வசதிக் கொள்கை வைத்திருக்கும் அரசு.